ஸாளுவ நரசிம்மராயரும் திருவேங்கடமுடையானும்



திருமலைக்கு யாத்திரை செல்லும் ஆஸ்திகர்களில் பெரும்பாலோர் கிருஷ்ணதேவராயரின் பெயரை அறிவர். ஏழு முறை மலையேறி எம்பெருமானைச் சேவித்தவர், நவரத்ன கிரீடமும் பொன்னாடைகளும் ஸமர்ப்பித்தவர், இரு தேவியரோடு கைகூப்பிய வண்ணம் உலோகத் திருவுருவாக அங்கேயே நின்று கொண்டிருப்பவர் என்று உபந்யாஸகர்கள் விரித்துரைப்பர். அந்த மஹாராஜனுக்கு இரண்டு தலைமுறை முன்பே, விஜயநகர ராஜ்யத்தின் பார்வையைத் துங்கபத்திரைக் கரையிலிருந்து திருவேங்கட மலையின் பக்கம் திருப்பிய ஒருவர் இருந்தார். அவர் சந்திரகிரியில் இருந்து ஆண்ட ஸாளுவ நரசிம்மர். அவரைப் பற்றி நமது மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. பேசுவதற்குச் சிறிது தயக்கமும் உண்டு. அவர் பரம பக்தர். அதே சமயம் தமது அரசரின் சிம்மாசனத்தைத் தாமே எடுத்துக் கொண்டவர். இந்த உத்ஸவ மலருக்கு அவருடைய சரிதத்தை எழுதும்போது அவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்ல அடியேனுக்கு மனம் ஒப்பவில்லை.

ஸாளுவம் என்பது வேட்டைக்குப் பழக்கும் ராஜாளிப் பறவையின் பெயர். அதையே குலப்பெயராகக் கொண்ட இந்த வம்சத்தில் மங்கு என்றும் மங்கிதேவர் என்றும் வழங்கப்பட்ட வீரர் 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்தார். மதுரையில் சுல்தான்களின் ஆட்சியை முடித்து வைத்த குமார கம்பணரின் தண்டயாத்திரையில் அவரும் கலந்து கொண்டார். திருமலையில் ஆனந்த நிலய விமானத்துக்குப் பொன் பூசிப் பொற்கலசம் ஏற்றிய கைங்கர்யம் 1359-ல் அவர் பெயரால் நடந்தது. அவருடைய வழியில் வந்த குண்டர் என்பவருக்கும் மல்லாம்பிகைக்கும் புதல்வராகத் தோன்றியவர் நம் நரசிம்மர். அஹோபில க்ஷேத்ரத்துப் பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளை ஆதலால் அப்பெயர் இட்டனர் என்பது காவியங்களின் கூற்று. இராஜநாத டிண்டிம கவி இயற்றிய ஸாளுவாப்யுதயம் என்னும் வடமொழிக் காவியம் இவரை விஷ்ணுவின் அம்சமாகவே பாடுகிறது. அக்காவியத்தைப் பாடசாலை நாட்களில் புரட்டிப் பார்க்கும் பேறு அடியேனுக்குக் கிடைத்தது. சொல்லழகுக்குக் குறைவில்லை, ஆயினும் அரசனின் அன்னம் உண்ட கவி அரசனைக் குறைத்துப் பாடுவதில்லை என்பதை நினைவில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். அந்த டிண்டிம குடும்பத்தார் ஆரணியை அடுத்த முள்ளண்டிரத்தைச் சேர்ந்த சைவர்கள் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது. விஷ்ணு பக்தரான மன்னரின் புகழைப் பாடச் சைவக் கவி முன்வந்ததும், அவரை மன்னர் ஆதரித்ததும் அக்காலத்தின் இயல்பு.

நரசிம்மர் சந்திரகிரியின் அதிகாரத்தை ஏற்ற காலம் விஜயநகரத்துக்கு நல்ல காலம் அன்று. இரண்டாம் தேவராயர் 1446-ல் மறைந்தார். அவர் மகன் மல்லிகார்ஜுனர் வலிமை குன்றியவர். கலிங்கத்தில் கஜபதி வம்சத்தை நிறுவிய கபிலேந்திரர் கடற்கரையோரமாகக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டு தெற்கே இறங்கினார். 1460-களின் நடுவில் அந்த ஒட்டியர் சேனை காஞ்சியைக் கடந்து காவிரிக் கரை வரையில் வந்தது. கோயில்களில் நித்திய பூஜை நின்றது. குடிகள் ஊரைவிட்டு ஓடினர். ஒட்டியன் கலபை என்று கல்வெட்டுகள் இதைக் குறிக்கின்றன. திருக்கோவலூரை அடுத்த ஜம்பை சிவாலயத்தில் உள்ள சாசனம், அந்தக் கலவரத்துக்குப் பின் பல ஆண்டுகள் பாழ்பட்டுக் கிடந்த கோயில்களில் நரசிம்மரின் அதிகாரியே வழிபாட்டை மீண்டும் நடத்தி வைத்ததைத் தெரிவிக்கிறது. தலைநகரில் இருந்த அரசர் செய்யாததைச் சந்திரகிரிப் பிரபு செய்தார். சிவாலயம் என்று ஒதுக்கவும் இல்லை.

கபிலேந்திரர் மறைந்த பின் அவர் புதல்வர்களுக்குள் மூண்ட சண்டையை நரசிம்மர் நன்கு பயன்படுத்திக் கொண்டார். உதயகிரி அவர் வசமாயிற்று. கிருஷ்ணா நதி முகத்துவாரம் வரையில் அவர் சேனை சென்றது. பெயரளவில் அவர் ஒரு ராஜ்யத்தின் மாகாண அதிகாரி. செயலளவில் கீழைக் கடற்கரை முழுவதும் அவரையே நம்பி இருந்தது.

இனித் திருமலைக்கு வருவோம். நம்மைப் போன்ற கோயில் ஊழியர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

சங்கம வம்சத்து அரசர்களுக்குக் குலதெய்வம் ஹம்பி விரூபாக்ஷர். அவர்களுடைய சாசனங்களின் அடியில் கையெழுத்தாக இருப்பதும் ஸ்ரீவிரூபாக்ஷ என்ற திருநாமமே. அவர்களும் திருமலைக்குக் கைங்கர்யம் செய்தவர்களே. ஆனால் ஆண்டுதோறும், விடாமல், கணக்குப் போட்டு, ஊர் ஊராக நிலம் விட்டு, அந்த நிலத்தின் வருவாய் எந்தத் தளிகைக்கு, எந்தத் திருநாளுக்கு என்று வகுத்து வைத்தவர் நரசிம்மர். 1456 முதல் அவருடைய பெயர் திருமலைக் கல்வெட்டுகளில் காணத் தொடங்குகிறது. 1470-ல் சம்பங்கிப் பிரதக்ஷிணத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நாற்கால் மண்டபங்கள் எழுந்தன. தம் பெயரிலும் தேவியின் பெயரிலும் புதல்வர் இருவர் பெயரிலும் அவற்றை அமைத்தார். 1473-ல் அன்ன ஊஞ்சல் திருநாள் என்னும் டோலோத்ஸவத்தை ஏற்படுத்தி, அதற்கென்றே ஒரு மண்டபமும் கட்டினார்.

அக்காலத்து உபயங்கள் நடந்த முறை இன்றைய வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஒருவர் பொன்னாகவோ பணமாகவோ கோயிலுக்கு அளிப்பார். ஸ்தானத்தார் எனப்படும் கோயில் நிர்வாகத்தார் அந்தப் பணத்தை உண்டியலில் போட்டுப் பூட்டி வைக்க மாட்டார்கள். திருவிடையாட்ட கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அதைச் செலவிடுவார்கள். நீர் பாய்ந்து விளைச்சல் பெருகும். அந்த அதிக விளைச்சலைக் கொண்டு உபயக்காரர் பெயரால் எம்பெருமானுக்குத் திருப்போனகம் அமுது செய்விக்கப்படும். அமுது செய்த பிரஸாதத்தில் நான்கில் ஒரு பங்கு உபயக்காரருக்கு உரியது. இதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். இந்தப் பங்கை அவர் தாமே பெறலாம். மடத்துக்கோ சத்திரத்துக்கோ எழுதி வைக்கலாம். இந்த ஏற்பாட்டை ஸ்தானத்தார் ஒப்புக்கொண்டு சிலாசாசனம் செய்து கொடுப்பர். கல்வெட்டு என்றால் அரசர்களின் ஆடம்பரம் என்று சிலர் எண்ணுகின்றனர். கோயிலில் பணி செய்வோருக்கு அது கணக்குப் புத்தகம். பிழை வந்தால் சுவரைப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளலாம். 1930-ல் தேவஸ்தானக் கல்வெட்டுகளைப் பற்றி விரிவான அறிக்கை தந்த ஸாது ஸுப்ரமண்ய சாஸ்திரியார் இவற்றையெல்லாம் படித்து வெளிப்படுத்திய உபகாரத்தை எவ்வளவு சொன்னாலும் தகும்.

நரசிம்மர் தம் விழுக்காட்டைப் பெரும்பாலும் ராமாநுஜகூடங்களுக்கு விட்டார். திருமலையிலும் கீழ்த் திருப்பதியிலும் ஸ்ரீவைஷ்ணவ யாத்ரிகர்களுக்கு அன்னமிட அவர் ஏற்படுத்திய தர்மசாலைகள் அவை. அவற்றை நடத்தும் பொறுப்பைக் கந்தாடை இராமாநுஜ அய்யங்கார் என்பவரிடம் ஒப்படைத்தார். கந்தாடை என்பது முதலியாண்டான் திருவம்சத்தைக் குறிக்கும் திருநாமம். அந்தத் திருமாளிகை ஸம்பந்தம் பெற்றவர் இவர். இவர் மூலமாக அந்தப் பிரஸாதத்தின் பங்கு சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களுக்கும் கிடைத்தது. கூடத்தை நடத்தும் உரிமையும் அவர்களில் சிலருக்கு ஏற்பட்டது. பூணூல் தரியாத அந்தப் பாகவதர்களுக்கு, எம்பெருமான் ஸந்நிதியில் எழுதப்பட்ட சாசனத்தின் வழியாகவே ஓர் இடம் உண்டாயிற்று. ராமாநுஜ தர்சனத்தின் இதயம் எதுவோ அதற்கு இது ஒத்தது என்றே அடியேன் கருதுகிறேன்.

ஆயினும் இதில் மற்றொரு பக்கமும் உண்டு. எவன் கையால் பிரஸாதம் பங்காகிறதோ அவனை ஜனங்கள் மதிப்பர். சந்திரகிரியின் ஆணை செல்லாத ஊரிலிருந்து வந்த யாத்ரிகனும் அந்தக் கூடத்தில் உண்டு, நரசிம்மரின் பெயரை வாழ்த்திச் சென்றான். தெலுங்கு வீரர்கள் தமிழ்ச் சீமையில் அதிகாரம் செய்ய வந்தபோது, உள்ளூர் மஹாஜனங்களும் ஸ்தானத்தாரும் ஆசார்ய புருஷர்களும் அவர்களை அந்நியராக எண்ணாமல் ஏற்றதற்குக் கோயில் உபயங்கள் பெரிய காரணம். இதைச் சொன்னால் பக்தியைக் குறைத்துப் பேசுவதாகச் சில பெரியவர்கள் வருந்துவர். வருந்த வேண்டியதில்லை. உபயம் செய்தவனின் உள்ளத்தில் பக்தி எத்தனை பங்கு, ராஜ்ய விசாரம் எத்தனை பங்கு என்று நிறுத்துப் பார்க்கும் தராசு அர்ச்சகன் கையில் இல்லை. ஏரியில் நீர் நின்றது, தளிகை நடந்தது, பசித்தவன் உண்டான்.

அவருடைய பக்திக்கும் அதிகாரத்துக்கும் நேருக்கு நேர் மோதல் ஏற்பட்ட நிகழ்ச்சி ஒன்றைத் தாள்ளபாக்கம் அன்னமாசார்யரின் சரிதம் கூறுகிறது. இதை எழுதியவர் அன்னமாசார்யரின் பேரர் சின்னன்னர். ராஜம்பேட்டைப் பக்கத்தில் உள்ள டங்குடூரில் நரசிம்மர் இருந்த காலத்தில் அன்னமாசார்யருக்கும் அவருக்கும் நட்பு ஏற்பட்டது. பிரபு அவரைக் குருவாகவே மதித்தார். போர்களில் கிடைத்த வெற்றிக்கு அவருடைய ஆசியே காரணம் என்றும் நம்பினார். ஒரு நாள் திருவேங்கடமுடையான் மீது அன்னமாசார்யர் பாடிய சிருங்காரக் கீர்த்தனம் ஒன்றைக் கேட்டு மெய்ம்மறந்த பிரபு, அதே போலத் தம் மீதும் ஒன்று பாட வேண்டும் என்றார். அன்னமாசார்யர் இரு காதுகளையும் பொத்திக் கொண்டார். முகுந்தனைப் பாடிய நாவால் மனிதனைப் பாட இயலாது என்று மறுத்து விட்டார். கோபம் கொண்ட பிரபு அவரை விலங்கிட்டுச் சிறையில் அடைத்தார். அன்னமாசார்யர் எம்பெருமானை நினைத்துப் பாட, விலங்கு தானே கழன்று விழுந்தது. காவலர் சொன்னதை நம்பாமல் பிரபு தாமே வந்து மீண்டும் பூட்டச் செய்தார், மீண்டும் கழன்றது. அதன் பின் அவர் திருவடியில் விழுந்து மன்னிப்பு வேண்டினார் என்பது சரிதம்.

விலங்கு கழன்றதை விசுவாசிகள் நம்புகின்றனர். ஆராய்ச்சிக்காரர்கள் வேறு விதமாகச் சொல்வர். அடியேன் நினைத்து நினைத்து வியப்பது, பிரபு அந்தக் கேள்வியைக் கேட்டதைப் பற்றி. எம்பெருமானுக்கு மண்டபம் கட்டியவர், ஊஞ்சல் திருநாள் நடத்தியவர், அந்த எம்பெருமானுக்குரிய பாட்டில் தமக்கும் ஓர் இடம் கேட்டார். சம்பங்கிப் பிரதக்ஷிணத்து மண்டபத்தில் தம் பெயரைப் பொறித்தவருக்கு, கீர்த்தனத்திலும் பொறித்தால் என்ன என்று தோன்றியிருக்கலாம். கல்லில் எழுத ஸ்தானத்தார் இசைந்தனர். நாவில் எழுதப் பாகவதர் இசையவில்லை. 1503-ல் பரமபதித்த அம்மகான் அருளிய ஸங்கீர்த்தனங்கள் 32,000 என்பர். செப்பேடுகளில் இன்று கிடைப்பவை சுமார் 14,000. அவற்றின் பாட்டுடைத் தலைவன் திருவேங்கடமுடையான், நரசிம்மர் அல்லர்.

இன்னொரு கதையும் வழங்குகிறது. அது அர்ச்சக குலத்தைப் பற்றியது ஆகையால் வாளாவிருக்க முடியவில்லை. எம்பெருமானின் திருவாபரணங்களை அர்ச்சகர்கள் தாமே அணிந்தனர் என்ற குற்றத்துக்காக நரசிம்மர் அவர்களைக் கொன்றார் என்றும், பூஜைக்கு ஆளில்லாமல் போகவே மாத்வ மஹான் ஸ்ரீவியாசதீர்த்தர் 12 ஆண்டுகள் திருவாராதனம் செய்து, அர்ச்சக குலத்துப் பிள்ளை வளர்ந்த பின் ஒப்படைத்தார் என்றும் மாத்வ ஸம்பிரதாயத்தில் கூறுவர். வியாசதீர்த்தர் சந்திரகிரியில் நரசிம்மரால் கௌரவிக்கப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. அவர் ஞானமும் வைராக்யமும் எல்லோரும் வணங்கத் தக்கவை. ஆனால் ஒரு படி அரிசி, ஓர் ஆழாக்கு நெய் வரையில் எழுதி வைத்த திருமலைச் சுவர்கள் இவ்வளவு பெரிய சம்பவத்தைப் பற்றி ஒரு வரியும் கூறவில்லை. அந்த ஆண்டுகளிலும் உபயங்கள் வழக்கம் போல் எழுதப்பட்டுள்ளன. வியாசதீர்த்தருக்கு அங்கே நிலமும் பிரஸாத உரிமையும் ஏற்பட்டது கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1524-ல். ஆகவே இக்கதையைச் சரித்திரமாக ஏற்க அடியேன் தயாராக இல்லை. ஆனால் நரசிம்மரைப் பற்றி இப்படி ஒரு கதை பிறந்து, அது நூற்றாண்டுகள் நிலைத்ததே, அதையும் கவனிக்க வேண்டும். அவரால் கோபத்தில் இதுவும் செய்ய முடியும் என்று ஜனங்கள் எண்ணியிருக்கின்றனர்.

1465-ல் பட்டமேறிய இரண்டாம் விரூபாக்ஷர் காலத்தில் ராஜ்யம் மேலும் தேய்ந்தது. 1472-ல் கோவா பாமினி சுல்தானியர் வசமாயிற்று. மேலைத் துறைமுகங்கள் போனதால் அரபு நாட்டுக் குதிரை வரத்தும் குறைந்தது. குதிரை இல்லாத சேனைக்கு அக்காலத்தில் வலுவில்லை. 1481-ல் சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா விரைவாகப் பாய்ந்து காஞ்சிபுரத்தை அடைந்து கோயில் திரவியங்களைக் கொள்ளையிட்டுச் சென்றார். திரும்பும் வழியில் நரசிம்மரின் தளபதி துளுவ ஈச்வர நாயக்கர் கந்துகூரில் மறித்துத் தாக்கிக் கொள்ளையை மீட்டதாகத் தெலுங்கு வராஹ புராணம் தெரிவிக்கிறது. அதே பயணத்தில்தான் சுல்தான் தம் பேரமைச்சர் மகமூது கவானைச் சந்தேகத்தால் கொல்வித்தார். பாமினி ராஜ்யமும் அத்துடன் சிதறத் தொடங்கியது.

1485-ல் விரூபாக்ஷரை அவருடைய மூத்த மகனே கொன்றான். தந்தையைக் கொன்ற கை ஆளலாகாது என்று அவன் தம்பிக்குப் பட்டத்தை விட்டான். அந்தத் தம்பி பிரௌடராயன் தமையனையே கொன்றுவிட்டுச் சிற்றின்பத்தில் மூழ்கினான். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய போர்த்துகீசியர் நூனிஸ் இதை விரிவாகச் சொல்கிறார். நரசிம்மர் பிரபுக்களையும் தலைவர்களையும் தம் பக்கம் சேர்த்துக் கொண்டு, ஈச்வர நாயக்கரின் மகன் நரச நாயக்கரைத் தலைநகருக்கு அனுப்பினார். அரண்மனைக் கதவுகளில் தடுப்பார் எவரும் இல்லை. பிரௌடராயன் ஓடிப் போனான். நரசிம்மர் மஹாராஜாதிராஜர் ஆனார்.

விரூபாக்ஷர் சைவர், நரசிம்மர் வைஷ்ணவர், ஆகவே இது மதத்தின் பொருட்டு நடந்த மாற்றம் என்று எண்ணுவோர் உண்டு. அது பொருந்தாது. நமது குருபரம்பரை நூலாகிய பிரபந்நாமிருதமே, விரூபாக்ஷர் எட்டூர் நரசிம்மாசார்யர் முதலான ஸ்ரீவைஷ்ணவப் பெரியோரிடம் ஈடுபட்டு வைஷ்ணவராக மாறியதையும், கையெழுத்தை விரூபாக்ஷ என்பதிலிருந்து ராம என்று மாற்றியதையும் கூறுகிறது. பிரபு நீக்கியது ஒரு வைஷ்ணவ அரசரின் குடும்பத்தை. எம்பெருமான் அவருக்கு ராஜ்யம் தந்தார் என்று கவிகள் பாடினர். உப்பைத் தின்ற வீட்டைப் பறித்தார் என்று சங்கம வம்சத்தின் பழைய விசுவாசிகள் சொன்னதற்கும் நியாயம் இருந்தது. பேரணிபாடு, உம்மத்தூர் முதலிய இடங்களின் தலைவர்கள் அவரை அரசராக ஒப்பவில்லை. ஆட்சியின் பெரும்பகுதி அவர்களை அடக்குவதிலேயே கழிந்தது. அடியேன் கருத்தைக் கேட்டால், அவர் அன்று கை வைக்காவிடில் ராஜ்யமே எஞ்சியிராது. காஞ்சிக்கு நேர்ந்தது மற்ற திவ்யதேசங்களுக்கும் நேர்ந்திருக்கும். அதனால் அவர் செய்தது துரோகம் ஆகாமல் போய்விடாது.

அரசராக அவர் இருந்தது ஆறே ஆண்டுகள். குதிரை வியாபாரிகளை வரவழைக்க ஒரு விசித்திரமான ஏற்பாடு செய்தார். கப்பலில் வழியில் இறந்த குதிரைக்கும் விலை தரப்படும். வாலைக் கொண்டு வந்து காட்டினால் போதும். நூனிஸ் குறிப்பிடும் செய்தி இது. நஷ்ட பயம் நீங்கியதால் வியாபாரிகள் மீண்டும் வந்தனர். சேனை வலுப்பெற்றது. ஆனால் கஜபதி புருஷோத்தமர் உதயகிரியை முற்றுகையிட்டபோது நரசிம்மர் தோற்றுச் சிறைப்பட்டார். கோட்டையைக் கொடுத்து விடுதலை பெற்றார். தாமே வென்ற உதயகிரியைத் தாமே இழந்த துயரம் அவரை விடவில்லை. 1491-ல் மரணப் படுக்கையில் இருந்தபோது நரச நாயக்கரை அழைத்து, ராய்ச்சூர், உதயகிரி, கொண்டவீடு ஆகிய மூன்றையும் மீட்க வேண்டும் என்றும், சிறுவர்களான தம் புதல்வர் இருவரில் தகுந்தவருக்குப் பட்டம் கட்ட வேண்டும் என்றும் சொல்லி ஒப்படைத்தார்.

மூத்த புதல்வர் சில மாதங்களிலேயே கொலையுண்டார். இளையவர் இம்மடி நரசிம்மர் பட்டமேறினார். ஆட்சி நரச நாயக்கர் கையில் இருந்தது. இம்மடியைப் பெனுகொண்டாவில் காவலில் வைத்தனர். நரச நாயக்கரின் மூத்த மகன் வீர நரசிம்மர் 1505-ல் அவரைக் கொல்வித்துத் தாமே அரசரானார். வீர நரசிம்மரின் தம்பிதான் கிருஷ்ணதேவராயர். நரசிம்மர் சொல்லிச் சென்ற மூன்று கோட்டைகளையும் மீட்டவர் அவரே. உதயகிரியை வென்றபின் அவர் திருமலைக்கு வந்து பொன்னால் அபிஷேகம் செய்வித்தார்.

திருமலையில் ரங்கநாயக மண்டபத்தை ஒட்டித் திருமலராய மண்டபம் என்று ஒன்று உண்டு. ஆரவீட்டு வம்சத்தார் பின்னாளில் விரிவாக்கியதால் அவர்கள் பெயரே அதற்கு நிலைத்து விட்டது. அதன் உட்புறத்தில் சற்று உயர்ந்து நிற்கும் பகுதி மட்டும் 1473-ல் ஊஞ்சல் திருநாளுக்காகச் சந்திரகிரிப் பிரபு கட்டியது.